விட்டுக்கொடுத்த பிரிவு

டெல்பின் பாஸ்குவாவுக்கு ஹொனலுலு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. விமானத்தின் வயிற்றுக்குள் முட்டி போட்டுத் தவழ்ந்து, கீழிருந்து பெல்ட்டில் ஏறி வரும் பெட்டிகளைச் சந்து விடாமல் அடுக்க வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க இடம் கிடையாது. வருஷக்கணக்காக அப்படியே குனிந்து வேலை பார்த்ததில், வெட்டவெளிக்கு வந்தாலும் தலைக்கு மேல் ஏதோ இடிக்கப்போகிறது என்பது போலத்தான் நிற்பான்.

ஜனவரி பிறந்து சட்டமன்றம் கூடிவிட்டால், உடன் வேலை பார்ப்பவர்களுக்கு அவனைக் கிண்டல் செய்ய ஒரு சாக்கு கிடைத்துவிடும். விடிகாலை ஷிஃப்ட் முடிந்ததும் குளித்துவிட்டு, லாக்கரில் தொங்கும் இஸ்திரி போட்ட பூச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அங்கே கிளம்புவான்.

"என்னடா டெல்பின், இன்னைக்குக் கவர்னர்கூட சாப்பாடா?"

"கவர்னர் எங்க? அவரு வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிகூட."

"அவன்கிட்டயே சொல்லி நம்ம பார்க்கிங் தொல்லையையும் தீர்த்துட்டு வா."

சிரிப்பார்கள். ஆனால் அவன் எதற்குப் போகிறான் என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளச் சொல்லி அவன் கேட்டால் ஒருவனும் முகம் சுளித்ததில்லை.

அவன் மனைவியாக இருந்த தொமோயே ஜப்பான்காரி. வைக்கீக்கியில் சுற்றுலாக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு வந்தவள். கல்யாணமாகி, கலேயா என்று ஒரு பெண் பிறந்து, குழந்தைக்கு நாலு வயதாகும்போது இருவருக்கும் பேச எதுவும் மிஞ்சவில்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் வேலை முடித்து வந்து தூங்கும் நேரத்தில் அவள் எழுந்து வேலைக்குப் போவாள். வைப்பாஹுவில் அவன் உறவுக்காரர்கள் வீடு நிறையக் கூடித் தங்கள் இலோக்கானோ மொழியில் சத்தமாகச் சிரித்துப் பேசும்போது, அவள் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஒதுங்கி நிற்பாள். பிரிந்தார்கள். குழந்தை வார நாட்களில் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று நீதிபதி எழுதிக் கொடுத்தார். ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் குழந்தையைத் தீவை விட்டுக் கொண்டுபோகக் கூடாது என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை டெல்பின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான். பிள்ளைகள் எல்லாம் போய் முடிந்தும் கலேயா வரவில்லை. டீச்சர் வெளியே வந்து அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கலேயா அம்மா உங்ககிட்ட சொல்லலையா? புதன்கிழமையே பேரை எடுத்துட்டுப் போய்ட்டாங்களே."

தொமோயேயின் வீட்டுக்கு ஓடினான். பூட்டியிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, பால்கனிக் கொடியில் கலேயாவின் நீச்சல் உடை மட்டும் காய்ந்து விறைத்துத் தொங்கியது.

தொமோயே பிள்ளையோடு ஜப்பானுக்கே போய்விட்டாள். அமெரிக்காவுக்குள் நுழையும்போதுதான் ஆயிரம் கேள்வி. வெளியே போகிறவர்களிடம் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இருந்தால் போதும், நீதிபதி என்ன எழுதினார் என்று கேட்க ஆள் கிடையாது. அந்தப் புதன்கிழமை டெல்பின் வேலையில்தான் இருந்தான். அவர்கள் போன விமானத்துக்கு யார் பெட்டி ஏற்றியது என்று விசாரித்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அவன் விசாரிக்கவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

போலீஸில், தாயோடுதானே பிள்ளை போயிருக்கிறது என்றார்கள். வக்கீல், நாடு விட்டுக் கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கென்று இருக்கும் உலக உடன்படிக்கையில் ஜப்பான் இன்னும் சேரவில்லை, இந்த ஊர்க் கோர்ட்டு உத்தரவு அங்கே செல்லாது என்றார். லீவு போட்டுவிட்டு அவனே போனான். நாகோயாவிலிருந்து ரயில் மாறிப் போக வேண்டிய ஒரு சின்ன ஊர். வாசலுக்கு வந்த தொமோயேயின் அப்பா இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, ஏதோ மெதுவாகச் சொல்லி, கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒரு போலீஸ்காரன் வந்தான். இளவயதுக்காரன். மரியாதையாகவே ரயில் ஸ்டேஷன்வரை கூட வந்து, மெஷினில் காசு போட்டுச் சூடான காபி டப்பா ஒன்றை எடுத்து டெல்பின் கையில் கொடுத்தான். டெல்பினும் குடித்தான். யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் தோன்றியது.

சட்டம் பற்றிச் சொன்னது இலவச சட்ட உதவி மையத்தில் இருந்த ஒரு பெண். வேறு சில மாநிலங்களில் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று சந்தேகம் வந்தால், முன்கூட்டியே நீதிபதியிடம் போகலாம். பிள்ளையின் பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கச் சொல்லலாம். அவசரம் என்றால் போலீஸ் விமான நிலையத்துக்கே போய்ப் பிள்ளையை நிறுத்தலாம். நம் மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்றாள் அவள்.

"கொண்டு வர முடியாதா?"

"கொண்டு வரலாம், அங்கிள். யாராவது போய்க் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

அந்தக் கேட்டுக்கொண்டே இருக்கும் வேலை இவன் தலையில் விழுந்தது. அவன் தொகுதி உறுப்பினர் ஒரு சின்னப் பையன், நல்லவன், மசோதாவைக் கொடுத்துவிட்டான். ஆனால் அது நீதித்துறைக் குழுவைத் தாண்டியாக வேண்டும். குழுத் தலைவர் பெவர்லி மெடெய்ரோஸ், முன்னாள் அரசு வக்கீல். எதையும் வாக்குக்கு விடுவதும், மேஜை இழுப்பறையில் போட்டு மூடுவதும் அவர் இஷ்டம். முதல் வருஷம் இழுப்பறையில் போட்டார். ஏன் என்று கேட்க டெல்பின் அவர் அலுவலகத்துக்குப் போகப் போக, அங்கே இருந்த மெர்லி ஆன்ட்டிதான் பழக்கமானார். அலுவலகத்தை ஆள்வது அவர்தான். வருகிறவன் வேண்டியவனா வேண்டாதவனா என்று பார்க்காமல் முதலில் பலகாரத் தட்டை நீட்டுவார்.

"ஸ்பாம் முசுபி இருக்கு, எடுத்துக்க. மேடம் இன்னைக்குப் பாக்க மாட்டாங்க."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க, ஆன்ட்டி."

"நேத்து மோச்சி. இன்னைக்கு முசுபி. மாத்தித்தானே குடுக்கிறேன்?"

இரண்டாம் வருஷம் எப்படியோ விசாரணைக்கு எடுத்தார்கள். தொண்டர்கள், வக்கீல்கள், இலாகாக்காரர்கள் என்று அறை நிரம்பியிருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிஷம். டெல்பின் தன் கதையைச் சொல்லத் தொடங்கி, பள்ளிக்கூட வாசலைத் தாண்டும் முன்பே மணி அடித்துவிட்டது.

அடுத்துப் பேச எழுந்தவள் சினா. கலிஹியில், அடி தாங்காமல் ஓடிவரும் பெண்களுக்கான விடுதி ஒன்றை நடத்துபவள். சமோவாக்காரி. கனத்த உடம்பு, காதில் சிவப்புப் பூ, குரலில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை.

"இந்தச் சட்டம் வந்தா ஏர்போர்ட்ல முதல்ல மாட்டப்போறது யாருன்னு நினைக்கிறீங்க? என் வீட்ல இருக்கிற பொண்ணுங்கதான். போன மாசம் ஒருத்தி ரெண்டு பிள்ளைகளோட எங்க ஊருக்கு, பாகோ பாகோவுக்குக் கிளம்பினா. கண்ணு வீங்கி மூடியிருந்துச்சு. நான்தான் கார்ல கொண்டுபோய் விட்டேன். புருஷன் ஒரு போன் போட்டா போதும்னு இருந்திருந்தா, போலீஸே அந்தப் பிள்ளைகளைப் பிடிச்சு அவன் கையில குடுத்திருக்கும்."

 மெடெய்ரோஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டெல்பினைப் பார்த்தார்.

"மிஸ்டர் பாஸ்குவா, இதக் கேக்க எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. நீங்க எப்பவாவது உங்க மனைவியை அடிச்சிருக்கீங்களா?"

"இல்ல, மேடம்."

உண்மைதான். ஆனால் அந்த அறையில் அது எப்படி ஒலித்தது என்பது அவனுக்கே கேட்டது. இல்லை என்ற ஒரு சொல்லை எப்படித்தான் சொன்னாலும் அதில் ஓர் ஓட்டை இருக்கும் போலிருந்தது. மசோதாவை ஒத்திவைப்பதாக மெடெய்ரோஸ் அறிவித்தார். ஒத்திவைப்பது என்றால் கதை முடிந்தது என்று இரண்டு வருஷத்தில் டெல்பின் கற்றிருந்தான்.

வெளியே நடைபாதையில் சினா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க பொண்ணு போனதுக்கு வருத்தமா இருக்கு, அங்கிள். மனசார சொல்றேன்."

"நான் அடிக்கலம்மா."

"அடிச்சவனும் இல்லன்னுதான் சொல்லுவான். உங்களைச் சொல்லல. நீங்க சொல்றதும் அவன் சொல்றதும் கேக்கிறவங்களுக்கு ஒரே மாதிரி இருக்குன்னு சொல்றேன்."

அன்று அவன் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். தூங்கவில்லை. இறங்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வைப்பாஹுவில் அவன் தங்கை எஸ்தர் வீட்டின் பின்பக்கத்து அறையில்தான் அவன் குடியிருந்தான். எஸ்தர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவள். மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவள்.

"போதும்ணே. ரெண்டு வருஷம் லீவையெல்லாம் அங்கயே கொட்டிட்ட. அந்தப் பொம்பள என்னமோ நீ குடிச்சுட்டு அடிக்கிறவன் மாதிரி பேசிட்டா, இன்னும் எதுக்கு?"

"அவ தப்பா ஒண்ணும் பேசலையே."

"அவ பக்கமே பேசு."

"பக்கம் இல்ல, எஸ்தர். அந்தக் கண்ணு வீங்கினவ போய்ச் சேந்தது நல்லதுதானே?"

எஸ்தர் கோபத்தோடு சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் வருஷம் ஜனவரியில், கூட்டத் தொடர் தொடங்கிய வாரமே, மெர்லி ஆன்ட்டி அவனைப் போனில் கூப்பிட்டார்.

"டெல்பின், நான் சொன்னேன்னு சொல்லாத. நீயும் சினாவும் சேந்து ஒரே காகிதத்தோட வந்தா மேடம் எடுப்பாங்க. தனித்தனியா வந்தா, அடுத்த ஜென்மத்துலதான்."

"சினா என்கூட எப்படி வருவா?"

"கேட்டுப் பாத்தியா?"

கேட்டதில்லைதான்.

விடுதிக்குள் ஆண்கள் போகக் கூடாது, அது எங்கே இருக்கிறது என்று சொல்லவும் மாட்டார்கள். கலிஹியில் சாய்மின் நூடுல்ஸ் விற்கும் ஒரு கடையில், வாசலில் கிடந்த பிளாஸ்டிக் மேஜையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மழை வரும்போல் இருந்தது. அவள் கிண்ணத்தில் காரம் கொட்டிக்கொண்டு, நிமிராமல் பேசினாள்.

"உங்க மசோதாவுல எனக்குக் கசக்கிறது ஒரே ஒரு பிரிவு. போலீஸ் ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பிடிக்கிறது. அத எடுத்துடுங்க. அம்மா எதுக்கு ஓடுறான்னு ஜட்ஜு முதல்ல கேக்கணும்னு ஒரு வரி சேருங்க. நான் எதிர்க்க மாட்டேன். கூடவே வந்து உக்காருவேன்."

"அப்புறம் என்ன மிஞ்சும்?"

"பாஸ்போர்ட்ட ஜட்ஜு வாங்கி வைக்கலாம். ஊருக்குப் போறதா இருந்தா முன்கூட்டியே எழுதிக் குடுக்கச் சொல்லலாம். எந்த வீட்ல ஆபத்து, எந்த வீட்ல இல்லன்னு பாக்க அவருக்கு நேரம் கிடைக்கும்."

டெல்பின் நூடுல்ஸைக் குச்சியால் தூக்கித் தூக்கி மறுபடி கிண்ணத்திலேயே விட்டுக்கொண்டிருந்தான். கலேயாவுக்கு இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட். இங்கே ஒன்றை வாங்கி வைத்திருந்தாலும் தொமோயே தன் தூதரகத்தில் இன்னொன்றை எடுத்திருப்பாள். முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற ஆளாக இருந்தால் அவள் சொல்லாமல் போயிருக்கவே மாட்டாள். அந்தப் புதன்கிழமையன்று அவன் காதில் ஒரு வார்த்தை விழுந்திருந்தால், அவளைத் தடுத்திருக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சினா எடுக்கச் சொல்கிறாள்.

"இத எடுத்துட்டா என் பொண்ணு விஷயத்துல இந்தச் சட்டத்தால ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது," என்றான்.

சினா குச்சியைக் கீழே வைத்தாள். "தெரியும், அங்கிள். அதனாலதான் வாயைத் திறந்து கேக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரி வந்து மேஜையை இழுத்துக் கூரைக்கு அடியில் போட்டாள். இருவரும் கிண்ணங்களைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார்கள். சினா அவள் விடுதியில் இருக்கும் ஓர் இளம்பெண்ணைப் பற்றிச் சொன்னாள். புருஷன் பிள்ளையைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று மிரட்டுகிறானாம். பிள்ளையின் பாஸ்போர்ட் அவன் பர்ஸில் இருக்கிறதாம். அந்தப் பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவதில்லையாம். பால்வாடி வயதைத் தாண்டிய பிள்ளை, விடுதிச் சுவர்களுக்குள்ளேயே வளர்கிறதாம்.

"அவளுக்கு இந்தச் சட்டம் உதவுமா?" என்று டெல்பின் கேட்டான்.

"மிச்சம் இருக்கிற பாதி உதவும்."

 "சரி, எடுத்துடலாம்," என்றான். சொல்லி முடித்ததும் கிண்ணத்தைக் காலி செய்தான். பசி அப்போதுதான் தெரிந்தது.

எஸ்தரிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அப்போ யாருக்காகண்ணே இது?"

"தெரியல. பேர் கேக்கல நான்."

அந்த வருஷ விசாரணையில் டெல்பினும் சினாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மெடெய்ரோஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் டெல்பின் தன் கதையைச் சொல்லவில்லை. "இந்தச் சட்டம் முன்னாடியே இருந்திருந்தாலும் என் மகளை நிறுத்தியிருக்க முடியாது. சிலரோட பிள்ளைங்களை நிறுத்த முடியும். நிறைவேத்திக் குடுங்க," என்றான். மணி அடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. மெடெய்ரோஸ் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். பிறகு, திருத்தங்களோடு நிறைவேற்றலாம் என்று பரிந்துரைத்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஆம் என்றார்கள்.

 மெர்லி ஆன்ட்டி பிரதி எடுத்துக் கொடுத்த காகிதத்தை டெல்பின் நடைபாதையில் நின்றே படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப அலுவலகத்துக்குள் போனான்.

"ஆன்ட்டி, இதுல தப்பா டைப் ஆயிருக்கு. ரெண்டாயிரத்து அம்பதாம் வருஷம் அமலுக்கு வரும்னு போட்டிருக்கு."

மெர்லி ஆன்ட்டி சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தப்பு இல்லப்பா. வேணும்னுதான் போடுவாங்க. ரெண்டு சபையும் கடைசியில ஒண்ணா உக்காந்து பேசியே ஆகணும்ல, அதுக்காக நடக்காத தேதி ஒண்ணப் போட்டு வைப்பாங்க."

"ரெண்டாயிரத்து அம்பதுல என் பொண்ணுக்கு நாப்பத்தாறு வயசு ஆயிடும், ஆன்ட்டி."

"எனக்கு நூறு தாண்டியிருக்கும். வா, உக்காரு. இன்னைக்கு மலசாடா."

செனட்டும் நிறைவேற்றியது. இரண்டு சபைகளும் கூடிப் பேசும் கடைசி வாரம் வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் கையெழுத்து விழாத மசோதா செத்தது. அன்று சட்டமன்றக் கட்டடம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஆசிரியர்கள், மீனவர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று ஆளாளுக்கு ஒரு மசோதாவுக்காகத் தரையிலேயே உட்கார்ந்து காத்திருந்தார்கள். டெல்பின் அதிகாலை ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருந்தான். சினா ஒரு தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மெடெய்ரோஸ் பேச்சுவார்த்தை அறைக்கும் தன் அலுவலகத்துக்கும் நாலைந்து தடவை நடந்தார். கடைசித் தடவை டெல்பின் முன்னால் நின்றார்.

"நிதிக் குழுவோட ஒப்புதல் ஒண்ணு வரணும். கோர்ட்டுல பாஸ்போர்ட்ட வைக்க ஒரு அலமாரியும் ஆளும் வேணுமாம், அதுக்குச் செலவு இருக்காம். கேட்டிருக்கேன்."

"அலமாரியா, மேடம்?"

"அலமாரிதான்."

ஆறு மணிக்கு அறைக்கதவு திறந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். சிலர் கட்டிக்கொண்டார்கள், சிலர் அழுதார்கள். ஒப்புதல் வரவில்லை. யாரும் மறுக்கவில்லை. அந்தக் காகிதத்தின் முறை வரும் முன் நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சினா எழுந்து, செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு, "வாங்க அங்கிள், வீட்ல விடுறேன்," என்றாள்.  வைப்பாஹு வந்ததும் அவன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா? பாஸ்போர்ட் புருஷன் பர்ஸுல இருக்குன்னு சொன்னியே."

"இன்னும் என்கிட்டதான் இருக்கா. பிள்ளையும் இருக்கு."

"அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குவாளா?"

"நீங்க தாங்குவீங்களா?"

அவன் கதவைத் திறந்து இறங்கிப் போனான்.

அடுத்த வருஷம் மெடெய்ரோஸ் தன் பெயரிலேயே மசோதாவைக் கொடுத்தார். இதற்குள் ஒரு பெரிய பதவிக்காரர் வீட்டிலேயே இப்படி ஒரு வழக்கு நடந்துவிட்டதாகப் பேச்சு. அது உண்மையோ பொய்யோ, இந்தத் தடவை எல்லாம் மளமளவென்று நடந்தது. அலமாரிக்கும் வழி பிறந்தது. டெல்பின் ஒரே ஒரு நாள்தான் போனான். உடம்பு ஒத்துழைக்கவில்லை. முதுகில் ஊசி போட்டிருந்தார்கள்.

இறுதி வாக்கெடுப்பு நடந்த நேரம் அவன் ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் இருந்தான். போன் அதிர்ந்தது. வெளியே இன்னொரு விமானம் இரைந்துகொண்டிருந்தது.

"டெல்பின்! ஆயிடுச்சு! எல்லாரும் ஆமான்னுட்டாங்க!" மெர்லி ஆன்ட்டி கத்தினார்.

"என்ன ஆச்சு?"

"ஆயிடுச்சுப்பா!"

"கேக்கல ஆன்ட்டி, இறங்கிக் கூப்பிடுறேன்!"

கேட்டிருந்தது. ஆனாலும் அப்படிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கீழேயிருந்து பெல்ட்டில் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. கோல்ஃப் மட்டைப் பை, குழந்தைத் தள்ளுவண்டி, கயிறு சுற்றிய அட்டைப் பெட்டி. அவன் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான். துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறான். கொஞ்சம் படுத்தால் தேவலை என்றுதான் இருந்தது.

கவர்னர் கையெழுத்திட்ட அன்று எடுத்த படத்தில் டெல்பின் ஓரத்தில், கழுத்துவரை மாலையோடு நிற்கிறான். பக்கத்தில் சினா அவன் தோளைப் பிடித்திருக்கிறாள். அவன் கீழே விழுந்துவிடாமல் பிடித்திருக்கிறாள் என்பது எஸ்தரின் கட்சி. சட்டம் வந்த சில மாதங்களில் அந்த விடுதிப் பெண்ணின் பிள்ளையுடைய பாஸ்போர்ட்டை நீதிபதி வாங்கி வைத்துக்கொண்டார் என்றும், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்றும் சினா சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஜப்பான் அந்த உலக உடன்படிக்கையில் சேர்ந்தது. முன்பே போய்விட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப அது உதவாது. பார்க்க அனுமதி கேட்டு மனுப் போடலாம் என்றாள் சட்ட உதவி மையத்துப் பெண். டெல்பின் போட்டான். பதில் வர ரொம்ப நாள் ஆயிற்று. கடைசியில், மாதம் ஒரு தடவை கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்று ஏற்பாடாயிற்று.

முதல் தடவை திரையில் வந்த பெண்ணுக்குத் தொமோயேயின் நெற்றியும் எஸ்தரின் வாயும் இருந்தன. பதினோரு வயது. பள்ளியில் படித்த இங்கிலீஷில் தன் பெயரையும் வயதையும் சொன்னாள். டெல்பினுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டான். மொழிபெயர்ப்பாளர் அதை ரொம்ப நீளமாகச் சொன்னார். அவள், "கறிச் சோறு," என்றாள்.

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ அவளே ஒரு கேள்வி கேட்டாள். அப்பாவுக்கு என்ன வேலை?

"பிளேன்ல பெட்டி ஏத்துறேன்."

அவள் யோசித்துவிட்டு ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் லேசாகச் சிரித்தார். "அப்படின்னா பிளேன்ல வரத் தெரியுமே, ஏன் வரலன்னு கேக்கறாங்க."

 திரைக்கு வெளியே, பல வருஷமாகக் கேட்காத குரல் ஒன்று இங்கிலீஷில் சொன்னது. "மார்ச்ல ஸ்கூல் லீவு. வர்றதா இருந்தா சொல்லு." முகம் தெரியவில்லை. குரலும் களைத்துத்தான் இருந்தது.

மார்ச்சில் போனான். ஒரு பூங்காவில், ஒரு மதியம் முழுக்க. தொமோயேயின் அப்பா கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. கலேயா டெல்பினின் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். பேச வார்த்தைகள் சீக்கிரம் தீர்ந்துவிட்டன. பிறகு அவள் பையிலிருந்து வாலிபால் பந்தை எடுத்துக் காட்டினாள். முதுகுவலியோடு அவன் திருப்பி அடித்த பந்தெல்லாம் எங்கெங்கோ போயிற்று. அவள் ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி அவன் பக்கம் போட்டாள். ஒரு தடவை அது கிழவர் காலடியில் போய் விழ, அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் டெல்பினிடம் கொண்டுவந்து கொடுத்தார்.